கட்டு அவிழ்ந்த பிறகு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாட் காலை, எங்கள் சின்னம்மா கிணற்றடியிற் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். விழுகின்றவர் எவரும் செய்வதையே அவரும் செய்தார். வலக்கையை முன்னே நீட்டி நிலத்தில் ஊன்றினார். 66 வயதுத் தேகத்தின் பாரம் முழுவதையும் அந்த ஒரு மணிக்கட்டுத் தாங்கவேண்டியதாயிற்று, அது தாங்கவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தியபொழுது, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டியைப் போல அக்கை வளைந்து நின்றது.

இத்தகைய முறிவை, எக்ஸ்ரே கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்னரே, 1814ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துச் சத்திரவைத்தியர் ஆபிரகாம் கொலிஸ் என்பவர் விவரித்து எழுதியிருக்கிறார். இன்றும் அவருடைய பெயராலேயே அது வழங்கப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு அடர்த்தி குன்றுவதால், நடுவயது கடந்த தாய்மாரிடையே இம்முறிவு மிகச் சாதாரணமாகக் காணப்படுவது.

வைத்தியசாலையில் எலும்பை இழுத்து நேராக்கிச் சாந்துக்கட்டுப் போட்டார்கள். 6 கிழமைகளின் பின் கட்டை அவிழ்த்தார்கள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், “எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அம்மா. இனிக் கையை அசைத்துப் பழகவேண்டும். பயிற்சிப் பகுதிக்குப் போங்கள்” என்று கூறி ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டு சின்னம்மாவின் கைப்பையின் அடியிலேயே கிடந்துவிட்டது.

வீட்டில் நடந்தது வேறு. மகள் தலைவாரிவிட்டாள். மருமகள் சோறு ஊட்டினாள். பேரன் செம்பில் தண்ணீர் ஏந்தி வந்தான். சுகம் விசாரிக்க வந்த அயலவர் ஒவ்வொருவரும், “கையை ஆட்டாதேயுங்கோ, புது எலும்பு, விட்டுப்போகும்” என்று புத்தி கூறிச் சென்றனர். பழைய சேலைத் துண்டினாற் கழுத்திலிருந்து தொங்கவிட்ட கட்டுக்குள், குழந்தை உறங்குவது போல அந்தக் கை உறங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாதத்தில் நான் ஊருக்குச் சென்றபோது அதனை அவிழ்த்துக் காட்டினார். விரல்கள் வீங்கி மினுமினுத்தன. முன்கை மெலிந்து மற்றக் கையின் பாதியாய்த் தோன்றியது. விரல்களை மடக்கச் சொன்னேன். நுனிகள் உள்ளங்கையை எட்டவில்லை. முறியாத தோள்கூட உயர மறுத்தது.

“எலும்பு பொருந்திப் போச்சுதாம், தம்பி. ஆனால் இது என்ரை கை இல்லை” என்றார் சின்னம்மா. சிறிது நேரம் கழித்து, “எத்தனை பேருக்குச் சமைத்துப் போட்ட கை. இப்போது ஒரு பிடி சோற்றைப் பிசைந்து நானே வாயில் வைக்க ஏலாமற் கிடக்கிறது” என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேயர்களே, இங்கே தவறு எங்கே நிகழ்ந்தது? கட்டுப் போட்டவர்களிடத்தில் இல்லை. எங்கள் அன்பிலேதான் நிகழ்ந்தது. அசையாமல் வைத்திருப்பதே ஆதரவு என்று ஒரு குடும்பமே நம்பியது. இப்படி நம்புகின்ற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவற்றின் பொருட்டே இக்கட்டுரை.

ஓய்வு செய்யும் வேலை

ஓய்வு வேண்டாம் என்று எவரும் சொல்லார். முறிந்த எலும்பு பொருந்தும் விதத்தை நோக்கினால் ஓய்வின் அருமை விளங்கும். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்துவரும் கிழமைகளில் அந்த உறைவின் இடத்தில் நாரும் குருத்தும் கலந்த மெத்தென்ற ஓர் இழையம் வளர்ந்து, இரு முனைகளையும் பாலம் போல இணைக்கிறது. பின்னர் அதிற் சுண்ணச்சத்துப் படிந்து வன்மையான எலும்பாகிறது. பாலம் மெத்தென்றிருக்கும் காலத்தில் முனைகள் நிலைபெயர்ந்தால் எலும்பு கோணலாய்ப் பொருந்தக்கூடும், பொருந்தாமலே போகவுங்கூடும். ஆதலாற் கட்டு அவசியம்.

ஆனால் எலும்பு பொருந்துவதற்கு உதவும் அதே அசையாமை, எலும்பைச் சூழ்ந்த ஏனையவற்றுக்கு ஊறு செய்கிறது. தசை வேலையிழந்த சில நாட்களுக்குள்ளேயே வலு குன்றத் தொடங்கும். மூட்டைப் போர்த்தியிருக்கும் உறை சுருங்கி இறுகும். மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாய்களே கிடையா. மூட்டினுள் ஊறும் வழுவழுப்பான நீரே அதற்கு உணவு. பஞ்சை அழுத்தி விடும்போது அது நீரை உறிஞ்சுவது போல, மூட்டு அசைந்து அழுந்தி விரியும்போதுதான் அந்த உணவு நன்கு உட்செல்கிறது. அசையாத மூட்டு, பசித்த மூட்டு என்று சொல்லலாம்.

எலும்பும் இவ்விதிக்கு விலக்கன்று. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மனிய மருத்துவர் ஜூலியஸ் வூல்வ் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். பாரம் ஏறினாற் செறியும். பாரம் நீங்கினால் மெலியும். இதற்குச் சிறந்த சான்று விண்வெளியிலிருந்து கிடைத்திருக்கிறது. நிறையே உணரப்படாத அவ்விடத்தில் மாதக்கணக்காகத் தங்கும் வீரர்களின் இடுப்பு, தொடை முதலிய பாரந்தாங்கும் எலும்புகள் ஒவ்வொரு மாதமும் தம் அடர்த்தியில் 100க்கு 1 பங்கு அளவிலோ சற்று மேலாகவோ இழந்து வந்தமை அறியப்பட்டது. அதனாலேயே சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளவர்கள் நாள்தோறும் ஏறக்குறைய 2 மணி நேரத்தைத் தேகப்பயிற்சிக்கென ஒதுக்குகின்றனர். தேர்ந்தெடுத்த திடகாத்திரர்களுக்கே நிலை இதுவாயின், சேலைத் துண்டிலே தொங்கவிட்ட முதியவரின் கைக்கு என்ன நேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரு மருத்துவர், இரு கொள்கை

ஓய்வா, அசைவா என்ற வழக்கு மருத்துவ உலகில் நெடுங்காலம் நடந்த ஒன்றாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தோமஸ் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். நம்மூர் முறிவு நெரிவு வைத்தியர் பரம்பரைகளைப் போல, தலைமுறை தலைமுறையாக எலும்பு பொருத்தி வந்த குடும்பத்திற் பிறந்தவர். முறிவுக்கும் மூட்டு நோய்க்கும் இடையறாத, நீண்ட ஓய்வே மருந்து என்பது அவர் கொள்கை. அவர் அமைத்த காற்சட்டம் முதலாம் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த எண்ணற்ற போர்வீரரின் உயிரைக் காத்தது.

அதே காலத்தில் பிரான்சு தேசத்தில் லூக்கா ஷம்பியோனியேர் என்னும் சத்திரவைத்தியர் இதற்கு நேர் எதிரான கருத்தைப் போதித்தார். முறிவு பொருந்தத் தொடங்கும்போதே அதனைச் சூழ்ந்த பகுதிகளை மென்மையாக நீவவும் அளவோடு அசைக்கவும் வேண்டும் என்றார். அசையாமல் வைத்த அங்கம் பொருந்திய பின்னும் பயன்படாது போவதைக் கண்ணாற் கண்டவர் அவர்.

இருவரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கூறினர். முறிந்த முனைகளுக்கு உறுதி வேண்டும்; ஏனைய பகுதிகளுக்கு அசைவு வேண்டும். இக்காலத்தில் உலோகத் தகடும் ஆணியும் கொண்டு எலும்பை உட்புறமே இறுக்கும் சிகிச்சை வளர்ந்திருப்பதன் பெரும் நன்மைகளுள் ஒன்று, நோயாளி விரைவில் அசையத் தொடங்கலாம் என்பதே. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்ற முதியவரை, தக்க தடையேதும் இல்லையாயின், மறுநாளே எழுப்பி நடமாடச் செய்யவேண்டும் என்று 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட நெறி கூறுகிறது. மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து, நெஞ்சிற் சளி கட்டியும் படுக்கைப்புண் கண்டும் முதியோர் மடிந்த காலத்தை நினைப்போர்க்கு இம்மாறுதலின் பெருமை விளங்கும்.

இரும்புப் பாதணி

சரி, அசைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு அசைப்பது? இதற்கு அளவு வகுத்தவர் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இளைஞர்.

சிறுவயதில் வாதக்காய்ச்சலாற் படுக்கையில் விழுந்து, எழுந்தபின் பாரந்தூக்கும் பயிற்சியால் தம் தேகத்தைத் தேற்றிக்கொண்டவர் அவர். பின்னர் மருத்துவராகி, இரண்டாம் உலகப் போரின்போது சிக்காகோ நகரிலிருந்த கார்டினர் இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றினார். முழங்காலிற் காயமுற்ற போர்வீரர்கள் அங்கே நிறைந்து கிடந்தனர். பலவீனமான தசைக்கு மிக இலேசான பயிற்சியைப் பலமுறை கொடுக்கவேண்டும், பாரம் ஆகாது என்பதே அக்காலத்து வழக்கம். டிலோர்ம் தம் சொந்த அனுபவத்தை நினைத்தார். இரும்பினாற் செய்த பாதணியைக் காலிற் பூட்டி, அதிற் பாரத் தட்டுக்களைச் சேர்த்து, கதிரையில் அமர்ந்தபடி முழங்காலை நீட்டச் செய்தார். பலம் ஏற ஏறப் பாரத்தையும் ஏற்றினார். மெலிந்த தொடைகள் வியக்கத்தக்க விரைவிற் பருத்து வலுப்பெற்றன. 1945ஆம் ஆண்டில் இம்முறையை அவர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

அவர் வகுத்த கணக்கு மிக எளியது. ஒருவர் 10 முறை மட்டும் தூக்கக்கூடிய பாரம் எதுவென்று முதலிற் கண்டறிய வேண்டும். அது 10 இறாத்தல் எனக் கொள்வோம். 1948ஆம் ஆண்டில் ஆதர் வொட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் திருத்தியமைத்தபடி, முதலில் அதன் பாதியான 5 இறாத்தலை 10 முறையும், அடுத்து முக்காற் பங்கான ஏழரை இறாத்தலை 10 முறையும், இறுதியில் 10 இறாத்தலையும் 10 முறையும் தூக்கவேண்டும். வலு கூடியதும் புதிய அளவைக் கண்டு மீண்டும் அவ்வாறே தொடங்கவேண்டும். கன்றாயிருந்தபோதே ஓர் எருதை நாள்தோறும் தோளிற் சுமந்து, அது வளர வளரத் தானும் வலுவில் வளர்ந்த மைலோ என்னும் மல்லனைப் பற்றிக் கிரேக்கர்கள் கதை சொல்வர். அந்தக் கதையின் கருத்தையே டிலோர்ம் வைத்தியசாலைக் கணக்காக்கினார் எனலாம். இன்றைய சிகிச்சைப் பயிற்சிகள் பல உருவங்களில் விரிந்துவிட்டபோதிலும், அளந்து தொடங்கு, படிப்படியாய் ஏற்று என்னும் அந்த அடிப்படை மாறவில்லை.

குதிக்காலும் கணுக்காலும்

தசைக்குப் பொருந்தும் இவ்விதி, தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கும் பொருந்துமா? சுவீடன் நாட்டின் வடபகுதியிலுள்ள ஊமியோ நகரத்து மருத்துவர் ஹோக்கன் அல்பிரெட்சன் இதற்கு விடை கண்ட விதம் சுவையானது. அவருக்கே குதிக்கால் நாணிலே தீராத நோ இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்யும்படி மேலதிகாரியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தாலாவது சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணி, அல்பிரெட்சன் அந்தக் காலுக்கு வேண்டுமென்றே கடும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாராம். நாண் அறவில்லை, நோதான் அகன்றது என்று சொல்வார்கள்.

அதன்பின் அவர் முறையாக ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோவுள்ள காலின் குதியை மெதுவாகக் கீழே இறக்கவேண்டும். மேலெழும்புவதற்கு நல்ல காலையே பயன்படுத்தவேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 முறைகொண்ட 3 தொகுதிகள்; சற்று மடக்கி மேலும் 3 தொகுதிகள். காலையும் மாலையுமாக 12 கிழமைகள். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களை ஒத்த நிலையிலிருந்த 15 ஓட்டக்காரர்கள் இதைச் செய்து, 15 பேருமே மீண்டும் ஓடத் தொடங்கினர். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் எல்லோருக்கும் இத்துணை நற்பயன் கிட்டவில்லை என்றாலும், நோவுற்ற நாணுக்கும் அளவான பாரமே மருந்தாகும் என்பது நிலைபெற்றுவிட்டது.

விளையாடும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. உதைபந்தாட்டத்திலோ வலைப்பந்தாட்டத்திலோ ஒருமுறை கணுக்காற் பிரண்டவருக்கு, அது மீண்டும் மீண்டும் பிரள்வதைக் கண்டிருப்பீர்கள். காரணம் என்ன? மூட்டைப் பிணைக்கும் நார்களில், பாதம் எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் நுண்ணிய உணர்வுறுப்புக்கள் இருக்கின்றன; நார் கிழியும்போது அவையும் ஊறுபடலாம் என்று 1965ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த மைக்கேல் பிரீமன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் விளக்கினர். சாய்ந்தாடும் பலகையின்மேல் நின்று சமநிலை பழகியவர்களுக்குப் பாதம் தடுமாறும் தொல்லை குறைந்ததையும் அவர்கள் காட்டினர். வீக்கமும் நோவும் தணிந்து, பாரந்தாங்கி நடக்க இயன்றபின், சுவரருகே ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கப் பழகுவது இதன் எளிய தொடக்கம். வீக்கம் வற்றியதும் மைதானத்துக்கு ஓடுகின்ற மாணவன், பாடத்தின் கடைசிப் பகுதியைப் படியாமற் பரீட்சைக்குப் போகின்றவனை ஒப்பான்.

சின்னம்மாவின் பாடம்

கைப்பையின் அடியிற் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு நாங்கள் வைத்தியசாலைக்குச் சென்றோம். அங்கிருந்த இயன் மருத்துவர் ஓர் இளம் பெண். பாகைமானியைப் போன்ற ஒரு கருவியை மணிக்கட்டில் வைத்து அளந்தார். மேல்நோக்கி வளைய வேண்டியது ஏறக்குறைய 70 பாகை. சின்னம்மாவின் மணிக்கட்டு 15 பாகையில் நின்றுவிட்டது. அவர் அதைக் குறித்துக்கொண்டு சொன்னார்: “அம்மா, எலும்பு பொருந்திவிட்டது. இனித் தசைக்கும் மூட்டுக்கும் பாடம் சொல்லவேண்டும். நான் சொல்லித்தருவேன், படிக்கவேண்டியவர் நீங்கள்தான்.”

முதற்பாடம் மிக எளியது. கழுத்துக் கட்டைக் கழற்றிவிட வேண்டும். இளஞ்சூடான நீரிற் கையைச் சிறிது நேரம் வைத்திருந்து, விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி நீட்டவேண்டும். தோளையும் முழங்கையையும் நாள்தோறும் இயன்ற எல்லைவரை உயர்த்தி இறக்கவேண்டும். மேசை விளிம்பில் முன்கையைச் சாய்த்து, மணிக்கட்டை மேலும் கீழும் வளைக்கவேண்டும். உள்ளங்கையைத் திருப்பி, எதையோ ஏந்துவது போலப் பிடிக்கவேண்டும். ஒவ்வொன்றும் 10 முறை. ஒரு நாளைக்கு 5 தடவை.

இரண்டாம் பாடத்தைச் சின்னம்மா வெகுவாக விரும்பினார். இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிட்டபடி, முழங்கைகளை மெல்ல வெளிப்புறம் உயர்த்தவேண்டும். “சாமி கும்பிடுவதையே மருந்தாக்கிவிட்டாய், பிள்ளை” என்று அவர் சிரித்தார். பல மாதங்களின் பின் நாங்கள் கண்ட முதற் சிரிப்பு அது.

மூன்றாம் பாடம் டிலோர்மின் பாடம். இரும்புப் பாதணிக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் போத்தல். அரை லீற்றர்ப் போத்தலிற் பாதியளவு நீர் நிரப்பினாற் கால் கிலோ. அதைப் பிடித்து மணிக்கட்டை 10 முறை வளைக்க வேண்டும்; இலகுவானதும் நீரைக் கூட்டவேண்டும். கூடவே ஈரத்துணியைப் பிழிதல், மாப் பிசைதல், உடுப்புக்கு ஊசி குத்துதல் போன்ற வீட்டு வேலைகள். யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஆர்வம் அளவு மீறிய நாளும் ஒன்று வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு முதல்நாள், யாருக்கும் சொல்லாமல் சின்னம்மா திருவலையில் அமர்ந்து மூன்று தேங்காய்களைத் திருவிவிட்டார். மறுநாட் காலை கை வீங்கி நொந்தது. வீட்டார், “நாங்கள் அப்போதே சொன்னோமே” என்று மறுபடியும் சேலைத் துண்டைத் தேடினர். இயன் மருத்துவர் கையைச் சோதித்துவிட்டு, “ஒன்றும் விட்டுப்போகவில்லை. இரண்டு நாள் பாரத்தை விடுங்கள், அசைவை விடாதீர்கள். பிறகு முந்திய படியிலிருந்து தொடங்குங்கள்” என்றார். கட்டிப்போடுவதற்கும் கண்டபடி உழைப்பதற்கும் நடுவே இருக்கும் வழியை அன்றுதான் எங்கள் வீடு அறிந்தது.

நோவை எவ்வாறு அறிவது?

அசைத்தால் நோகுமே என்று அஞ்சுவது இயல்பு. நோவனைத்தும் ஊறு என்று எண்ணுவது பிழை. நோவை முற்றிலும் புறக்கணிப்பதும் பிழை. அந்த இயன் மருத்துவர் எங்களுக்குக் கற்பித்த அளவுகோல் இது. நோவே இல்லாத நிலை 0 என்றும், தாங்கவொண்ணாத நோ 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 அல்லது 4 வரை ஏறி, பிறகு தணிந்து, மறுநாட் காலையிற் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அச்சமில்லை. மறுநாளும் கூடுதலாக நொந்தால், வீங்கினால், முந்திய நாளின் அளவு மிகுதி என்று கொண்டு குறைக்கவேண்டும். ஆனால் எந்த முறிவுக்கு எப்பொழுது பாரம் ஏற்றலாம் என்பதைச் சிகிச்சை அளித்த வைத்தியரே தீர்மானிக்கவேண்டும், அயலவர் தீர்மானிக்கலாகாது.

சில அறிகுறிகள் கண்டாற் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியரை நாடவேண்டும். கட்டுக்குள் நோ வரவரக் கடுமையாதல், விரல்கள் நீலம் பாரித்தல் அல்லது மரத்துப்போதல், காய்ச்சலோடு காயத்தில் நீர் அல்லது சீழ் வடிதல், திடீரென மூட்டு உருமாறுதல் ஆகியவை அத்தகையன. கால் முறிந்து கிடந்தவரின் கெண்டைக்கால் வீங்கிச் சூடேறி நொந்தால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அத்தோடு மூச்சுத்திணறலும் நெஞ்சு நோவும் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

முதுகு நோவைப் பற்றியும் ஒரு சொல். முதுகு பிடித்தவரைக் கிழமைக்கணக்கிற் பலகையில் படுக்கவைப்பது முன்னாள் வழக்கம். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2 நாள் படுக்கும்படி கூறப்பட்டவர்கள், 7 நாள் படுக்கும்படி கூறப்பட்டவர்களைவிடக் குறைந்த நாட்களே வேலையை இழந்தனர். குணமடைவதில் அவர்கள் பின்தங்கவுமில்லை. 1995ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. படுத்தவர்களைவிட மட்டுமன்றி, நோ தொடங்கியவுடனேயே விசேஷ பயிற்சி செய்தவர்களைவிடவும், இயன்ற அளவில் அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்கள் விரைவிற் தேறினர். பயிற்சிக்கும் காலம் உண்டு என்பதை இது காட்டுகிறது. எனினும் கால்களில் வலுவின்மையோ, மலசலம் கழிப்பதிற் கட்டுப்பாடின்மையோ காணப்படின், அது வீட்டில் வைத்துப் பார்க்கும் முதுகு நோவன்று. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

எண்ணுவதற்கு ஒருவர்

இயன் மருத்துவம் இன்று நம் நாட்டிலும் வளர்ந்துள்ள துறை. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. உயிரியல் பயிலும் மாணவ மாணவியர் இதனையும் தம் கனவுகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக. எனினும் இயன் மருத்துவர் நோயாளியோடு இருப்பது கிழமைக்குச் சில நிமிடங்கள் மட்டுமே. மிகுதி நேரமெல்லாம் நோயாளி வீட்டாரிடமே இருக்கிறார். பயிற்சி பலிப்பதும் பலியாததும் அங்கேதான்.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை ஏற்றவன் 9 வயதுப் பேரன். முன்பு செம்பில் தண்ணீர் ஏந்தி நின்றவன், இப்போது ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் கோடு கிழித்துத் தேதி இட்டான். பாடசாலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் இரு தடவை, விளக்கு வைத்தபின் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை என்று அப்பம்மாவின் முன்னே அமர்ந்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என உரக்க எண்ணினான். எட்டில் நிறுத்தப் பார்த்தால் விடமாட்டான். மருமகள் ஊட்டுவதை நிறுத்தினாள். முதல் நாட்களிற் சோறு பாதி பாயிற் சிந்தியது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஊட்டுவதைவிடக் கடினமாக இருந்தது என்று அவள் பின்னர் என்னிடம் கூறினாள்.

ஆடிப்பிறப்பன்று நான் மீண்டும் ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படியிற் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா பாயில் அமர்ந்து கொழுக்கட்டைக்கு மா குழைத்து, பயற்றம் உள்ளீட்டை வைத்து, விளிம்பை விரல்நுனியால் ஒவ்வொரு மடிப்பாய்க் கிள்ளி மூடிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இன்னும் 50 பாகைக்கு மேல் வளைவதில்லை. நேரத்தோடு தொடங்கியிருந்தால் இன்னும் வளைந்திருக்கும் என்று இயன் மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. குளிர் நாட்களில் நோ தலைகாட்டுகிறது என்றும் சின்னம்மா சொன்னார். ஆயினும், அவர் தம் கையாலே பிசைந்து உண்டார். உண்டபின் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“எண்ணிப் பார்த்து எடு, தம்பி. நாற்பது செய்திருக்கிறேன்” என்றார்.

“நாற்பத்திரண்டு” என்று திருத்தினான் பேரன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் விழுந்து எழுந்திருக்கலாம். கட்டு அவிழ்த்த அன்று வைத்தியர் எழுதித் தந்த துண்டு எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். பிறகு அவரருகே அமர்ந்து எண்ணத் தொடங்குங்கள்.